கண்மாய்க்கரை அரிசியும் ஜப்பான்காரர் விதியும்

செட்டிநாட்டுச் சாப்பாடு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மிளகுக் கோழியும் எண்ணெய் மிதக்கும் குழம்பும்தான். அது விருந்துச் சாப்பாடு. ஹோட்டல்காரர்கள் அதைத் தூக்கிக்கொண்டு போய் ஊர் ஊராக விற்றுவிட்டார்கள். கோட்டையூரிலும் பள்ளத்தூரிலும் வீடுகளில் அன்றாடம் அடுப்பேறுவது வேறு: முருங்கைக்கீரைத் தண்ணிச்சாறு, வெண்டைக்காய் மண்டி, வத்தல் குழம்பு, ஒரு பாசிப்பயறுத் துவட்டல். காலையில் நீச்சத்தண்ணி, அதாவது பழைய சோற்றில் ஊறிய தண்ணீர். இதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் ஜப்பானில் பிறந்த மேக்ரோபயாட்டிக் உணவுமுறைக்கும் எங்கள் ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் சிரிக்க மாட்டார்கள்.

வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்றுக் கோட்டையூரில் இருக்கிறேன். இந்த உணவுமுறையை வீட்டுக்குள் கொண்டு வந்தவள் அமெரிக்காவில் இருக்கும் மகள். எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றுகொண்டிருந்த சமயம். ஒரு விடுமுறைக்கு வந்தவள் பை நிறைய மிசோ என்கிற புளித்த சோயா விழுது, கொம்பு என்கிற காய்ந்த கடற்பாசி, உமெபோஷி ஊறுகாய், அட்சுகி பயறு, ஜப்பான் பழுப்பரிசி என்று இறக்கினாள். "அப்பா, இதை மட்டும் சாப்பிடுங்க, எல்லாம் சரியாயிடும்" என்றாள். பொருள் ஒவ்வொன்றின் விலையையும் ரூபாயில் பெருக்கிப் பார்த்தேன். சர்க்கரை இறங்குகிறதோ இல்லையோ, ஓய்வூதியம் இறங்கிவிடும் என்பது உறுதி.

சரி, பொருளை விட்டுவிட்டு விஷயம் என்ன என்று படித்தேன். ஜப்பானில் ராணுவ மருத்துவராக இருந்த சாகென் இஷிசுகா என்பவர் போட்ட அடிப்படை அது. அதை உலகம் முழுவதும் கொண்டுபோனவர் ஜார்ஜ் ஒசாவா (1893-1966). அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் கடை போட்டு, வகுப்பு நடத்திப் பரப்பியவர்கள் மிச்சியோ குஷியும் அவர் மனைவி அவெலினும். தட்டில் ஏறக்குறைய பாதி முழுதானியம், கால் பங்கு அல்லது சற்றுக் கூடுதலாகக் காய்கறி, கொஞ்சம் பயறும் கடற்பாசியும், ஒரு கிண்ணம் புளித்த பொருள் சேர்ந்த சாறு. சீனி, தீட்டிய மாவு, இறைச்சி இதெல்லாம் தள்ளி. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி: நீ இருக்கும் மண்ணில், நீ இருக்கும் பருவத்தில் விளைவதைச் சாப்பிடு.

அந்த விதியை அப்படியே எடுத்துக்கொண்டால் ஹொக்கைடோவின் கடற்பாசிக்குக் கோட்டையூரில் வேலையே இல்லை. பட்டியல் ஜப்பான் மண்ணுக்கு எழுதியது. விதி எந்த மண்ணுக்கும் பொருந்தும். இதை மகளிடம் சொல்லி ஒப்புக்கொள்ள வைக்கவே சில காலம் ஆனது.

பக்கத்து வீட்டு ஆச்சிக்கு அந்த மிசோவில் ஒரு துளி நாக்கில் வைத்துக் காட்டினேன். "உப்புப் போட்ட புளிச்ச மாவு மாதிரி இருக்கு. இதுக்கா தம்பி கப்பல்ல காசு அனுப்புறது? பானையில நேத்து சோறு கிடக்கே" என்றார். எண்பதைத் தாண்டியவர், இன்றும் அரிவாள்மனையில் அவரே உட்கார்ந்து காய் நறுக்குகிறார். அன்றிலிருந்து எங்கள் வீட்டு மேக்ரோபயாட்டிக் ஆலோசகர் அவர்தான், சம்பளம் இல்லாமல்.

அரிசியில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பாதித் தட்டு அதுதான், தொல்லையும் பாதி அதில்தான்.

எங்கள் பக்கம் ஆற்றுப் பாசனம் கிடையாது. வடகிழக்குப் பருவமழை கண்மாயை நிரப்பினால் ஒரு போகம். மழைக்கு முன்னாலேயே காய்ந்த புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிற விவசாயம். அதற்கென்றே நின்ற நெல் ரகங்கள் உண்டு. நொறுங்கன், குழியடிச்சான், சித்திரைக்கார் மூன்றும் சிவகங்கை, ராமநாதபுரம் வறட்சியில் பழகியவை. இவற்றோடு செட்டிநாட்டுக் கல்யாண வீடுகளில் இனிப்பாக மட்டும் தலைகாட்டும் கருப்புக் கவுனி. நெல் ஜெயராமன் 2018ல் மறைவதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். 2 கிலோ விதை வாங்கிப் போனவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது அவர் வைத்த ஏற்பாடு. எங்களுக்கு நெல் தரும் கல்லல் பக்கத்து விவசாயி ஒருவரின் கவுனி விதையும் அப்படிக் கைமாறி வந்ததுதான்.

கடையில் பாரம்பரிய அரிசி என்று பையில் போட்டு விற்பது பெரும்பாலும் லேசாகத் தீட்டியதாகத்தான் இருக்கும். உமி மட்டும் நீக்கிய அரிசி வேண்டுமென்றால் நெல்லாக வாங்கி நாமே அரைத்துக்கொள்வதுதான் வழி. புதுவயலில் அரிசி ஆலைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கே லாரிக் கணக்கில் ஓடும் எந்திரம். "ஒரு மூட்டையை வைச்சுக்கிட்டு என்ன செய்யச் சொல்றீங்க?" என்று திருப்பி அனுப்புவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, எந்திரத்துக்குள் ஒட்டிக்கொள்ளும் அரிசியே ஒரு மரக்கால் வரும். இதற்காகத்தான் பத்துப் பன்னிரண்டு வீடுகள் சேர்ந்தோம். கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தானில் இருந்து ஆட்கள். தை அறுவடையில் விவசாயியிடம் மொத்தமாக நெல் பேசி வாங்குவோம். ரப்பர் உருளை வைத்து உமி மட்டும் உரிக்கும் சிறிய மில் ஒன்றைப் பிடித்து வைத்திருக்கிறோம். பழைய ஹல்லர் எந்திரத்தில் போட்டால் உமியோடு தவிடும் போய், பாதி அரிசி நொய்யாகிவிடும். மில்லில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

எல்லா நெல்லையும் ஒரே நாளில் அரைத்துப் பங்கு போட்டுவிடலாம் என்று யாருக்கும் தோன்றும். செய்யக்கூடாது. தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. உமி போர்வை போனதும் அது காற்றுப்பட்டுக் காறும். வெயில் காலத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் போனால் அரிசியை முகர்ந்தாலே தெரியும், பழைய எண்ணெய்ச் சட்டி வாடை. நெல்லாக இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. மூட்டைக்குள் நொச்சி இலை போட்டு வைத்தால் பூச்சியும் குறைவு. ஆகவே மாதத்துக்கு வேண்டியதை மட்டும் மாதா மாதம் அரைப்பது என்று வைத்திருக்கிறோம். நெல்லை வைக்க இடம் வேண்டுமே என்றால், எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கின்றன. அப்படி ஒரு வீட்டின் இரண்டாம் கட்டில், வீட்டுக்காரர் சென்னையில் இருந்தபடியே சம்மதம் சொல்லி, எங்கள் மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன. எலிக்கும் அது பிடித்த இடம் என்பதால் ஒரு பூனைக்கு வாடகையில்லாக் குடியிருப்பு.

கவுனியை எல்லோரும் கல் மாதிரி இருக்கிறது என்பார்கள். இரவு ஊறப்போட்டால் சரியாகிவிடும். இரண்டு தடவை களைந்துவிட்டு ஒன்றுக்கு மூன்றரை என்ற அளவில் தண்ணீர் விட்டு ஊற வைப்போம். காலையில் தண்ணீர் நாவல் நிறத்தில் நிற்கும். அதைக் கொட்டாமல் அதிலேயே வேகவைக்க வேண்டும். சத்து என்று சொல்கிற அந்த நிறமியில் ஒரு பங்கு தண்ணீரில் இறங்கியிருக்கிறது. குக்கரில் ஐந்தாறு விசில் விட்டு, அப்புறம் சிறு தீயில் ஒரு கால் மணி நேரம். கல்யாண வீட்டில் இதில் சீனி, தேங்காய், நெய் சேர்ப்பார்கள். நாங்கள் பாதியைக் கஞ்சியாக மோர் விட்டுக் குடிப்போம். சித்திரைக்கார் சிவப்பு அரிசிக்கு நாலைந்து மணி நேர ஊறல் போதும். அறுவடை ஆன கையோடு சமைத்தால் எந்த அரிசியும் குழையும், சித்திரை வைகாசிக்கு மேல் பதம் வரும்.

ஒன்று சொல்ல வேண்டும். கவுனி என்றாலும் அரிசி அரிசிதான். கருப்பாக இருக்கிறது என்று தட்டு நிறைய அள்ளிப் போட்டுக்கொண்டு, சாப்பிட்ட பிறகு சர்க்கரையைச் சோதித்துப் பார்த்துத் திகைத்தவர்கள் எங்கள் குழுவிலேயே உண்டு. முன்பு வெள்ளை அரிசி எவ்வளவு சாப்பிட்டோமோ அதில் முக்கால் பங்குக்குமேல் போகாமல் பார்த்துக்கொண்டால்தான் பலன். நல்லவேளையாக, தீட்டாத அரிசியை அவசரமாக விழுங்க முடியாது. ஒசாவாவின் ஆட்கள் ஒரு கவளத்தை முப்பது, ஐம்பது தடவை மெல்லச் சொல்கிறார்கள். எண்ணிக்கொண்டே சாப்பிட்டால் சாப்பாடு ருசிக்காது. நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று நம்மவர்கள் எண்ணிக்கை போடாமல் விட்டது எனக்குப் பிடித்திருக்கிறது.

தீட்டாத அரிசி வந்ததும் வீட்டில் முதலில் அடிபட்டது மண்டி. மண்டிக்கு அரிசி களைந்த இரண்டாம் தண்ணீர்தான் உயிர். அதில் புளியைக் கரைத்து, வெண்டைக்காய், சின்ன வெங்காயம், பூண்டு வதக்கிப் போட்டுக் கொதிக்க விட்டால் தானாகக் கெட்டிப்படும். தீட்டிய அரிசியில் மேலே ஒட்டியிருக்கும் மாவுதான் அந்தத் தண்ணீரை வெள்ளையாக்குகிறது. உமி மட்டும் எடுத்த அரிசியைக் களைந்தால் தவிட்டு நிறத்தில் தெளிவாக ஒரு தண்ணீர் வரும், மண்டி ரசம் மாதிரி ஓடும். மனைவி ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆச்சிதான் வழி சொன்னார்: ஊறிய சிவப்பரிசி ஒரு கைப்பிடியை அம்மியில் ஓட்டி அந்தத் தண்ணீரில் கலக்கு. இப்போது மண்டி முன்பைவிட மணமாக இருக்கிறது என்று அவரே ஒப்புக்கொள்கிறார், மனைவியைச் சொல்கிறேன்.

புழுங்கல் அரிசி பழுப்பரிசிக்கு இளைத்ததா என்று குழுவில் அடிக்கடி பேச்சு வரும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி வைட்டமின்களில் ஒரு பகுதி உள்ளே அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. ஜாவாவில் தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்குக் கால் விளங்காமல் போனதைக் கவனித்துத்தான் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர், பி1 வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரி நோயின் நூலைப் பிடித்தார். 1929ல் நோபல் பரிசும் வந்தது. ஆகவே பல் ஆடுகிற பெரியவர்களுக்கும் வயிறு ஏற்காதவர்களுக்கும் நல்ல புழுங்கல் அரிசியே போதும். இதில் வைராக்கியம் பிடிக்க ஒன்றுமில்லை.

அடுத்தது தண்ணீர். காரைக்குடியின் சம்பை ஊற்றுத் தண்ணீருக்குத் தனிப் பேர் உண்டு. எங்கள் தெருவில் ஆழ்குழாயில் வருவதோ உப்பும் சுண்ணாம்பும். அந்தத் தண்ணீரில் கொள்ளும் மொச்சையும் ஊறினாலும் வேகாது, தோல் பிரிந்து நிற்கும். முற்றத்து மழைநீரைப் பிடித்துத் தொட்டியில் விட்டு, அதைப் பயறு வேகவைக்க மட்டும் என்று ஒதுக்கியதும் கேஸ் செலவே குறைந்தது. அந்தக் காலத்தில் குடிக்கவும் பருப்பு வேகவைக்கவும் ஊருணித் தண்ணீர், புழங்குவதற்குக் கிணறு என்று பிரித்து வைத்ததன் காரணம் இதுதான். முற்றத்துக் கூரையில் இருந்து இறங்கும் முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள்.

மழை பெய்த பிறகு ஐப்பசி, கார்த்திகையில் கீரைக்குக் காசு கொடுக்கவே வேண்டாம். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, சாரணை, குப்பைக்கீரை எல்லாம் வரப்பிலும் கொல்லையிலும் தானே வரும். களையெடுக்கப் போகும் ஒரு அம்மா மடியில் கட்டிக்கொண்டு வருவார். எல்லாம் கலந்த கீரை. பூண்டும் சீரகமும் போட்டுக் கடைந்தால் வேறெதுவும் வேண்டாம். அவரோடு ஒரு காலை வரப்பில் நடந்தேன். ஒவ்வொரு செடியையும் கிள்ளி, முகரக் கொடுத்து, "இது ஆட்டுக்கு, இது நமக்கு" என்று பிரித்துக் காட்டினார். கைபேசிப் படத்தை வைத்துக்கொண்டு கீரை பறிக்காதீர்கள், தெரிந்தவர் கூடப் போங்கள். அவர் சொன்ன இன்னொன்று: வரப்பு ஓரமாகப் புல் பழுத்துக் கருகிக் கிடந்தால் களைக்கொல்லி அடித்திருக்கிறார்கள், அந்தப் பக்கமே போகாதே. ஊர்க் கழிவுநீர் சேரும் குளத்தோரப் பொன்னாங்கண்ணி எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் தொடாதே.

கீரை இல்லாத கோடைக்குத்தான் வத்தல். மாசியில் தொடங்கி மொட்டை மாடியெங்கும் காயும். மிதுக்கங்காயைக் கீறி உப்பு மோரில் ஊறவைத்துக் காயப்போடுவது, கத்தரிக்காயை லேசாக அவித்துக் காயவைப்பது, மாவத்தல், சுண்டை வத்தல், கூழ்வடகம். இதில் உப்பு கூடுதல் என்பதை மறந்துவிடக் கூடாது. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் குழம்பில் உப்புப் போடாமல் வத்தலின் உப்பையே கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

மேக்ரோபயாட்டிக்காரர்கள் தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு மூன்றையும் ஒதுக்கச் சொல்வார்கள். தக்காளியும் உருளையும் அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்தவை, போகட்டும். கத்தரிக்காயை ஒதுக்கிவிட்டுச் செட்டிநாட்டில் எப்படிக் குடித்தனம் நடத்துவது? நான் அந்த விதியைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மிளகாயும் வெளிநாட்டு வரவுதான். ஆனாலும் 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரம் முண்டு மிளகாயை இனி யார் அந்நியன் என்பார்கள்? அளவைக் குறைத்து மிளகைக் கூட்டினோம், அவ்வளவுதான்.

உப்பு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். இயற்கை உணவுக்காரர்கள் பலர் அயோடின் சேர்த்த உப்பை விட்டுவிட்டு வெறும் கல்லுப்புக்கு மாறுகிறார்கள். ஜப்பான்காரருக்கு அயோடின் கடற்பாசியில் இருந்து தாராளமாகக் கிடைத்துவிடும். நம் தட்டில் கடற்பாசி இல்லை. அதையும் விட்டு, இதையும் விட்டால் கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பிக்கு அயோடின் எங்கிருந்து வரும்? ராமநாதபுரம் கடற்கரையில் கஞ்சிப்பாசி விளைகிறதே, வாங்கலாமா என்று விசாரித்தேன். பெண்கள் கடலுக்குள் இறங்கி எடுக்கும் பாசி பெரும்பாலும் அகர் என்கிற ஜெல்லிப் பொருள் செய்யும் ஆலைகளுக்குப் போகிறது. அதற்காகவே மணலில் உலர்த்துகிறார்கள், சமையலுக்குச் சுத்தம் செய்து தரும் ஏற்பாடு எங்களுக்குக் கிடைக்கவில்லை. எங்கள் சமையலுக்கு அயோடின் உப்பே. கல்லுப்பிலும் அயோடின் சேர்த்தது கிடைக்கிறது, பையில் பார்த்து வாங்கலாம்.

இன்னொரு ஓட்டை வைட்டமின் பி12. கிட்டத்தட்ட முழுச் சைவமான எந்த உணவுமுறையிலும் அது வரும். எங்கள் குழுவில் அசைவம் சாப்பிடுபவர்களுக்குக் கவலை குறைவு. பங்குனி, சித்திரையில் கண்மாய் வற்றும்போது ஊத்தா கூடையோடு ஊரே இறங்கும். கெளுத்தியும் விராலும் அன்றைக்குத் தெருவெங்கும் மணக்கும். எப்போதாவது மீன் என்பதை மேக்ரோபயாட்டிக்கும் தடுப்பதில்லை. சைவ வீடுகளில் பாலும் மோரும் தொடர்கின்றன, வருடம் ஒரு தடவை ரத்தப் பரிசோதனை செய்து குறைந்தால் மாத்திரை.

மருந்தை நிறுத்துவது பற்றி யாராவது பேசினால் எனக்குக் கோபம் வரும். ஒசாவாவின் முறையில் வெறும் பழுப்பரிசி மட்டுமே தின்னும் ஒரு கட்டம் இருந்தது. 1960களில் அமெரிக்காவில் அதைப் பிடித்துக்கொண்டு உடல் மெலிந்து இறந்தவரும் உண்டு. புற்றுநோயே இந்த உணவில் குணமாகும் என்று பேசி வந்த குஷி 2014ல் தன் 88வது வயதில் புற்றுநோயில்தான் இறந்தார். நல்ல சாப்பாடு நல்ல சாப்பாடுதான், மருத்துவமனை இல்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தவிட்டரிசியும் பயறும் கூட்டும் முன் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும். என் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. அது அரிசியாலா, அளவு குறைந்ததாலா, கீரைக்காக வரப்பில் நடக்க ஆரம்பித்ததாலா என்று மருத்துவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

குழுவில் தீராத வழக்கு ஒன்று ஓடுகிறது: துவரம்பருப்பு. நாம் வாங்கும் துவரையில் பெரும்பகுதி கர்நாடகம், மகாராஷ்டிரத்தில் இருந்து வருவது. உள்ளூர் விதியைப் பிடித்தால் அது தட்டில் இருக்கக்கூடாது. பாசிப்பயறும் உளுந்தும் தட்டைப்பயறும் கொள்ளும் நம் பக்கமே விளைகின்றனவே என்பது ஒரு கட்சி. சாம்பாருக்குத் துவரை இல்லையென்றால் சங்கத்தை விட்டே போகிறேன் என்பது இன்னொரு கட்சி, அதற்குத் தலைமை என் மனைவி. இப்போதைக்கு வாரத்தில் பாதி நாள் பாசிப்பருப்புச் சாம்பார், மீதி நாள் துவரை. ஆச்சியைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னோம். "பர்மாவுல இருந்து தேக்கு வந்துச்சு, இத்தாலியில இருந்து கல்லு வந்துச்சு, அதுல வீடு கட்டிக்கிட்டு உக்காந்திருக்கோம். பருப்பு மட்டும் வரக்கூடாதாக்கும்?" என்று கேட்டுவிட்டுக் காய் நறுக்கப் போய்விட்டார்.